ஆயுத பூஜைக்கு சர்வரைத் துடைத்தேன்

துவாக்குடிப் பக்கம் பாய்லருக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் நான் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். பட்டறை முழுக்க வெல்டிங் புகை, கிரைண்டிங் சத்தம். நடுவில் ஒரே ஒரு ஏசி அறை, அதில் சர்வரும் நானும். ஏசி சர்வருக்காகப் போட்டது. ஆனால் பாதிப் பேர் அது எனக்காகப் போட்டது என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே மரியாதை கொடுத்துவந்தார்கள். நான் எதற்கு அதைத் திருத்தப் போகிறேன்? ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் மாறிப் பஸ் ஏறி, காவேரிப் பாலத்து நெரிசலில் கசங்கி வந்து சேரும் மனுஷனுக்கு அந்த மரியாதை வேண்டியிருந்தது.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. டிசைன் பிரிவின் டிராயிங், ஸ்டோர்ஸ் கணக்கு, முதலாளியின் பேத்தி பிறந்தநாள் போட்டோ, எல்லாம் சர்வரில் ஒரே இடத்தில் இருக்கும். யார் கம்ப்யூட்டரிலிருந்தும் திறக்கலாம். அந்தப் பொது இடத்தை 'ஷேர்' என்போம். தினமும் மத்தியானம், எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரத்தில், சர்வர் அந்த ஷேரை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளும். அதாவது, அந்த நிமிஷத்தில் எந்த ஃபைல் எப்படி இருந்ததோ அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். சாயங்காலம் யாராவது கை தவறி ஒரு ஃபைலை அழித்துவிட்டு என்னிடம் ஓடி வருவார்கள். உடனே எடுத்துக் கொடுத்துவிடுவேனா? கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். "ரொம்பக் கஷ்டமாச்சே... சரி, ட்ரை பண்றேன்" என்பேன். அவர்கள் வெளியே போய் வேண்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில் மத்தியான ஸ்னாப்ஷாட்டைத் திறந்து, ஃபைலை எடுத்துப் போட்டுவிட்டு, டீ குடிப்பேன். ஆபரேஷன் முடித்த டாக்டரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்த ஷேருக்கு இன்னொரு பிரதியும் உண்டு. மூலையில் ஒரு பழைய சர்வர் கிடந்தது. இடுப்பு உயரப் பெட்டி. ஃபேன் சத்தத்தில் மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் தோற்றுவிடும். ராத்திரி எல்லோரும் போன பிறகு, அன்றைய ஸ்னாப்ஷாட் தானாகவே அந்தப் பெட்டிக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

டிசைன் பிரிவில் ஒரு பெண் இருந்தார். அவருக்கும் மண்ணச்சநல்லூர்தான். தற்காலிக வேலை. கணவருக்கு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் வேலை, அது இருந்தால் உண்டு. அந்த வருஷம் வந்த ஒரு பெரிய ஆர்டரின் டிராயிங் மொத்தத்தையும் முதலாளி அவரிடம் கொடுத்து, "கஸ்டமர் ஆள் வந்து பார்த்து ஓகேன்னு கையெழுத்துப் போட்டுட்டார்னா உங்களை பெர்மனன்ட் பண்ணிடறேம்மா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். கஸ்டமர் ஆள் விஜயதசமிக்கு மறுநாள் வருவதாக ஏற்பாடு. அந்தப் பெண் மாசக்கணக்கில் தலை நிமிராமல் வரைந்துகொண்டிருந்தார்.

நடுவில் ஒரு நாள் என் அறைக்கு வந்தார்.

"சார், என் ஃபோல்டரை வேற யாரும் தொடாம பூட்டி வைக்க முடியுங்களா? பக்கத்து சீட்டுல இருக்கவர் என் டிராயிங்கைத் திறந்து, அவர் வேலையை அது மேலயே சேவ் பண்ணிடறார்."

"பார்க்கலாம்மா" என்றேன்.

நான் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்பது என் மனைவிக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் எத்தனையோ காலமாக அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு சொட்டிக்கொண்டிருக்கிறது. இவருக்குத் தெரியவில்லை, பாவம். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே ஒரு வழி செய்துகொண்டார். ஃபோல்டருக்கு 'பழசு' என்று பெயர் வைத்துவிட்டார். பழசு என்று எழுதியிருந்தால் எவன் திறந்து பார்ப்பான்? வீட்டில் நகையை உளுந்து டப்பாவுக்குள் வைக்கிறோமே, அதே யோசனைதான். நல்ல யோசனையும்கூட. ஒருவரும் அதைத் தொடவில்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

பட்டறைக்காரர்களுக்கு தீபாவளியைவிட ஆயுத பூஜைதான் பெரிசு. ஒரு வாரம் முன்னாலேயே ஆரம்பித்துவிடும். ஒட்டடை அடிப்பது, சுண்ணாம்பு பூசுவது, லேத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் புதுப் பெண் மாதிரி ஆக்குவது. முதலாளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிரிவாக வந்து பார்ப்பார். என் அறையில் துடைக்க என்ன இருக்கிறது? மெஷின் ஷாப் சூப்பர்வைசர் கதவைத் திறந்து தலையை நீட்டி, "சார், உங்க டிபார்ட்மென்ட்ல பூஜைக்கு என்ன ஆயுதம் வைக்கப் போறீங்க? அந்த மவுஸையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மவுஸாமே! அவருக்கு ஆளுயர டிரில்லிங் மெஷின் இருக்கிறது என்ற திமிர். என்னிடமும் இடுப்பு உயரத்துக்கு ஒன்று இருந்ததே! மூலையில் கிடந்த பழைய சர்வரின் வயர்களைப் பிடுங்கினேன். வெளியே தூக்கிக்கொண்டு போய், கம்ப்ரஸர் காற்றால் உள்ளேயிருந்த தூசியை ஊதித் தள்ளினேன். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. மறுபடி மூலையில் வைத்து வயரைச் சொருகினால் தூசி ஏறிவிடும் என்று துணியைப் போட்டு மூடி, பூஜைக்காக எடுத்து வைத்தேன். ராத்திரிப் பிரதி என்ன ஆகும் என்ற யோசனை வரத்தான் வந்தது. நாலு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நானே அதற்குப் பதிலும் சொல்லிக்கொண்டேன்.

வெளிச் சுத்தம் ஆயிற்று. உள்சுத்தம் வேண்டாமா? ஷேரில் இடம் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டிக்கொண்டிருந்தது. 'ஆயுத பூஜையை முன்னிட்டு அனைவரும் தத்தம் ஃபோல்டர்களைச் சுத்தம் செய்துகொள்ளவும்' என்று கல்யாணப் பத்திரிகை நடையில் ஒரு மெயில் அனுப்பினேன். ஒருவரும் மதிக்கவில்லை. சரி, நம்ம கையே நமக்கு உதவி என்று பூஜைக்கு முந்தின நாள் நானே உட்கார்ந்தேன். 'ஓல்டு', 'காப்பி', 'டெஸ்ட்', 'வேண்டாதது' என்று பெயர் இருந்ததையெல்லாம் தேடித் தேடி அழித்தேன். அந்த வரிசையில் 'பழசு' என்றும் ஒன்று வந்தது. திறந்து பார்த்தேனா? வீட்டைப் பெருக்குகிறவன் குப்பையைப் பிரித்துப் படித்துக்கொண்டா இருப்பான்? அழித்தேன்.

இவ்வளவு அழித்தும் சிவப்புக் கோடு அசையவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அழித்த ஃபைலெல்லாம் பழைய ஸ்னாப்ஷாட்டுகளுக்குள் இன்னும் பத்திரமாக உட்கார்ந்திருக்கும், ஸ்னாப்ஷாட்டையும் அழித்தால்தான் இடம் காலியாகும். ஸ்னாப்ஷாட் இருப்பதே அதற்காகத்தான் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? துடைப்பத்தைக் கையில் எடுத்தவனுக்குக் கை நிற்காது. ஸ்னாப்ஷாட் அத்தனையையும் தேர்ந்தெடுத்தேன். 'நிச்சயமாகவா?' என்று சர்வர் கேட்டது. அந்தக் கேள்வியை எழுதிய எவனோ ஒரு புண்ணியவான் என்னை மாதிரி ஆளைப் பார்த்திருக்கிறான். நிச்சயமாக என்றேன். கோடு சரசரவென்று இறங்கிப் பச்சையாயிற்று. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பளிச்சுன்னு இருக்குங்களே" என்றார். அன்றைக்கு பஸ்ஸில் உட்கார இடம்கூடக் கிடைத்தது.

மறுநாள் பூஜை. தொட்டியத்திலிருந்து வந்த வாழைக்கன்றுகளை வாசலில் கட்டியிருந்தார்கள். நடு ஹாலில் மேஜை, சரஸ்வதி படம், பொரி, அவல், பொட்டுக்கடலை. ஒரு பக்கம் ஸ்பானர், வெல்டிங் டார்ச். இன்னொரு பக்கம் என் பழைய சர்வர், நெற்றி நிறையச் சந்தனம், குங்குமம், கழுத்தில் கதம்ப மாலை. மெஷின் ஷாப் சூப்பர்வைசர் அதை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, எல்லோரும் பொரிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் என்னிடம் வந்தார். முந்தின நாள் முழுக்க வெளியே யார்டில் அளவெடுத்துக்கொண்டிருந்தவர். பூஜைக்கு முன்னால் ஒரு பிரிண்ட் எடுக்கலாம் என்று தன் சீட்டுக்குப் போயிருக்கிறார்.

"சார், பழசுன்னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சுங்களே, காணோம்."

"அதை நேத்து சுத்தம் பண்ணிட்டேம்மா. பழசுதானே?" என்றேன், வாயில் பொரியோடு.

"அதுலதான் சார் என் டிராயிங் எல்லாம் இருக்கு."

"ஸ்னாப்ஷாட் இருக்கும்" என்று பழக்க தோஷத்தில் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே ஞாபகம் வந்துவிட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், இந்த முறை நிஜமாகவே ஒன்றும் தெரியாமல். அழப் போகிறார் என்று பயந்தேன். அழவில்லை. "நாளன்னிக்கு அவங்க வராங்க சார்" என்று மட்டும் சொன்னார். அழுதிருந்தால் தேவலை.

அப்போதுதான் அவர் தோளுக்குப் பின்னால் பார்வை போனது. மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டிருந்தது என் பழைய பெட்டி. நான் வயரைப் பிடுங்கிய நாள் வரைக்கும் ஷேரில் என்னென்ன இருந்ததோ எல்லாம் அதற்குள் இருக்கிறது! "அம்மா, இருக்கு!" என்று கத்திக்கொண்டு மேஜைக்கு ஓடினேன். பெட்டியின் மேல் கை வைத்ததும், "என்ன சார் பண்றீங்க?" என்று முதலாளியின் குரல்.

"ஒரு சின்ன செக்கிங் சார். அஞ்சு நிமிஷத்துல வச்சுடறேன்."

"பூஜையில வச்சதை நடுவுல எடுக்கக் கூடாதுங்க. நாளைக்குக் காலைல புனர்பூஜை முடிச்சு எடுத்துக்கலாம். ஒரு நாள் கருவிக்கு ஓய்வு குடுங்க, உங்களுக்கும்தான்."

உண்மையைச் சொல்லியிருந்தால் அவரே தூக்கிக் கொடுத்திருப்பாரோ என்னவோ. பளிச்சுன்னு இருக்கு என்று நேற்றுத்தான் பாராட்டு வாங்கியவனுக்கு நாக்கு எழவில்லை. அவரிடம் அடுத்த பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தபோது அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "விடுங்க சார். நாளைக்கே எடுத்துக்கலாம். உங்க ரூம்ல இருக்கறதை விட அங்க பத்திரமா இருக்கும்."

தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் கொலு பார்க்க வந்தவர்கள் போய், மனைவி சுண்டல் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க, யாரையாவது திட்டிட்டீங்களா?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். பூஜைத் தண்ணீர் உள்ளே போயிருக்குமா, குங்குமம் டிஸ்க்குக்குள் இறங்கியிருக்குமா, பொரிக்கு வந்த எலி வயரைக் கடித்திருக்குமா என்று என் கவலையையெல்லாம் கொட்டினேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

நான் சுண்டலைப் பார்த்தேன்.

"பார்க்கலாம்னு சொல்லியிருப்பீங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

உட்கார முடியாமல் தாயார் சந்நிதிப் பக்கம் நடந்தேன். நவராத்திரிக் கூட்டம், உள்ளே போக முடியவில்லை. வெளியிலிருந்தே கைகூப்பினேன். அந்தப் பெட்டி மட்டும் உயிரோடு எழுந்துவிட்டால் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று வேண்டப் போய், தலையைத் தடவிப் பார்த்து, கொடுப்பதற்கு அங்கே பெரிசாக ஒன்றும் பாக்கியில்லை என்பது உறைத்தது. தாயாரை ஏமாற்றவா முடியும்? குழாயைச் சரி செய்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

விஜயதசமி காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். எனக்கு முன்னால் அந்தப் பெண் வந்து மேஜை எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி வந்து புனர்பூஜை செய்து தீபாராதனை காட்டியதும், நான் விழுந்து கும்பிட்டேன். என் பக்தியைப் பார்த்து அவர் நெகிழ்ந்துபோனார். பெட்டியை மாலையோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு ஓடினேன். நெட்வொர்க் வயர் சொருகும் ஓட்டையில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. யார் பூசியது? நான்தான், முந்தின நாள், மெஷின் ஷாப்காரர் பார்க்கட்டும் என்று அள்ளி அள்ளிப் பூசியது. பட்ஸ் குச்சியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். அந்தப் பெண் டார்ச் பிடித்தார்.

சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு இருமல். ஃபேன் சுற்ற ஆரம்பித்து, குங்குமம் புஸ்ஸென்று பறந்து எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அப்பியது. அந்த ரைஸ் மில் சத்தத்தைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, அழத்தான் செய்தேன்.

கடைசி ஸ்னாப்ஷாட்டைத் திறந்தோம். 'பழசு' இருந்தது. அவர் மவுஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். நான் வயரைப் பிடுங்கிய பிறகு அவர் வரைந்ததெல்லாம் இல்லை. "கடைசி மூணு ஷீட் போயிடுச்சு" என்றார்.

"மன்னிச்சிடும்மா" என்றேன். "நீங்க பூட்டச் சொன்னப்பவே பூட்டியிருக்கணும்."

"இன்னிக்கே வரைஞ்சிடறேன் சார். அளவெல்லாம் தலையில இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் சீட்டுக்குப் போனார்.

எல்லோரும் பூஜை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் வரைந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் ஓடிப் போய் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தேன். கடைசியாகக் கிளம்பிய முதலாளி எட்டிப் பார்த்து, "விஜயதசமி அன்னிக்கு வேலையைத் தொடங்கறது ரொம்ப விசேஷம்மா" என்று பூரித்தார். எனக்கு அந்தப் பாராட்டே போதும் என்றிருந்தது. அந்தப் பெண்ணுக்குப் போதவில்லை.

"தொடங்கல சார், மறுபடியும் வரையறேன். சர்வர் சார் சுத்தம் பண்ணப்போ அழிச்சிட்டார். அவரேதான் எடுத்தும் குடுத்தார்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை இங்கே எழுத வேண்டாம்.

மறுநாள் கஸ்டமர் ஆள் வந்து, எல்லா ஷீட்டையும் விரித்துப் பார்த்து, துருவித் துருவிக் கேட்டார். அந்தப் பெண் எதையும் பார்க்காமலே பதில் சொன்னார். கையெழுத்து விழுந்தது. முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நான் அந்தப் பெண்ணின் ஃபோல்டரைப் பூட்டிக் கொடுத்தேன். வீட்டுக் குழாயையும் சரி செய்தேன், மனைவி இன்னும் நம்பாமல் அடியில் வாளி வைத்திருக்கிறாள். பழைய பெட்டி இப்போது வயரோடு மூலையில் இருக்கிறது. பூஜை அன்று அதற்குப் பொட்டு வைப்பது உண்டு, இருந்த இடத்திலேயே, ஓட்டைகளைத் தவிர்த்து.

எல்லாம் முடிந்துபோன சங்கதி என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த வருஷம் பட்டறையில் ஒட்டடை அடிக்க ஆரம்பித்த முதல் நாள். என் அறைக் கதவு திறந்தது. அந்தப் பெண், கையில் ஒரு தாம்பாளம். நேராக என் மேஜைக்கு வந்தார். என் கீபோர்டின் வயரைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தார். மவுஸையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டுக்கும் ஒரு சந்தனப் பொட்டு.

"என்னம்மா இது? பூஜைக்கு இன்னும் நாள் இருக்கே?"

"முதலாளிகிட்ட கேட்டுட்டேன் சார். உங்க ஆயுதத்தை இன்னிக்கே பூஜையில வச்சிடலாம்னார். பூஜையில வச்சதை நடுவுல எடுக்கக் கூடாதாம். புனர்பூஜை முடிஞ்சு நானே கொண்டுவந்து தரேன்."

வாசல் பக்கத்திலிருந்து மெஷின் ஷாப் சூப்பர்வைசர் இருமினார். எனக்குக் கோபம் வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. இருந்தாலும் ஒரு அட்மினிஸ்ட்ரேட்டர் அப்படியே விட்டுவிட முடியுமா?

"நடுவுல அவசரமா ஏதாச்சும் வந்துட்டா?" என்றேன்.

தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கதவருகே திரும்பினார்.

"பார்க்கலாம் சார்" என்றார்.